டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது சேதம் குறுக்கிட்டால் செல் என்ன செய்யும்?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டு போகும்போது வழியில் சேதமான ஓர் இடம் வந்தால், அங்கேயே நின்று அதைப் பழுது பார்த்துவிட்டுத்தான் மேலே நகருமா? இது முதல் பகுதி. புற்றுநோய் மருந்துகள் பலவும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் வேலை செய்கின்றன என்கிறார்களே, செல் அதையும் சரிசெய்துவிடாதா? இது இரண்டாவது.

முதல் பகுதிக்கு நேர் பதில்: பெரும்பாலும் நிற்காது. சேதத்தை அப்படியே விட்டுவிட்டு, எப்படியாவது அதைத் தாண்டி நகலெடுப்பை முடித்துவிடும். பழுதுபார்ப்பைப் பிறகு வைத்துக்கொள்ளும். இதற்கு "சேதத்தைச் சகித்தல்" என்று தனிப் பெயரே உண்டு. பழுதுபார்ப்பு வேறு, சகிப்பு வேறு. பாடப்புத்தகங்கள் முதலாவதை விரிவாகச் சொல்லி, இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் செல் பிழைப்பதும் புற்றுநோய் வருவதும் பெரிய அளவில் இந்த இரண்டாவதில்தான் தீர்மானமாகின்றன என்பது என் கருத்து.

ஏன் அங்கேயே பழுது பார்க்க முடியாது? வெயிலை எடுத்துக்கொள்வோம். புறஊதாக் கதிர் தோலில் படும்போது, டி.என்.ஏ. இழையின் நான்கு வகை எழுத்துகளில் (அடினைன், தைமின், குவனைன், சைட்டோசின்) ஒன்றான தைமின் அடுத்தடுத்து இரண்டு இருந்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதைத் தைமின் இருபடி என்பார்கள். சாதாரண நேரத்தில் செல் இதை எப்படிச் சரிசெய்கிறது? சேதத்தின் இருபுறமும் வெட்டி, ஏறக்குறைய 30 எழுத்து நீளமுள்ள துண்டைத் தூக்கி எறிகிறது. எதிரே இருக்கும் நல்ல இழையைப் பார்த்து அந்த இடைவெளியை நிரப்புகிறது. இந்த வழியை விளக்கியதற்காகத்தான் அஜீஸ் சங்கார் 2015இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எதிர் இழை பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். இரட்டிப்பு நடக்கும் இடத்தில், அதாவது இரண்டு தாய் இழைகளும் பிரிந்து கவை போல விரியும் இடத்தில், அந்த எதிர் இழை ஏற்கெனவே விலகிப் போய்விட்டது. சேதம் இப்போது ஒற்றை இழையில் தனியாக நிற்கிறது. அங்கே போய் வெட்டினால் இடைவெளி விழாது. குரோமோசோமே இரண்டாக உடையும். பழுதுபார்க்கும் நொதிகள் அங்கே வேலையைத் தொடங்காமல் இருப்பதுதான் செல்லுக்குப் பாதுகாப்பு. முதலில் அந்த ஒற்றை இழைக்கு எதிரே ஏதாவது ஒரு புது இழையை எழுதி, மறுபடி ஜோடியாக்க வேண்டும். ஜோடியான பிறகு வெட்டி நீக்கும் நொதிகள் சாவகாசமாக வரலாம்.

அப்படியானால் இரட்டிப்பு தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாமே என்று தோன்றும். செல் முயல்கிறது, ஆனால் முடிவதில்லை. மனிதச் செல் ஒன்று ஏறக்குறைய 640 கோடி எழுத்து ஜோடிகளைச் சுமார் 8 மணி நேரத்தில் நகலெடுக்க வேண்டும். வெயில், புகை எதுவும் வேண்டாம். உடல் வெப்பமும் தண்ணீருமே ஒரு செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 பியூரின் எழுத்துகளை (அடினைன், குவனைன்) இழையிலிருந்து உதிர்த்துவிடுகின்றன. சங்காரோடு அதே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் லிண்டால் கணக்கிட்டுக் காட்டியது இது. வெயிலால் வரும் தைமின் இருபடியோ இன்னும் பிடிவாதமானது. அது சுருளின் வடிவத்தை அதிகம் குலைப்பதில்லை. அதனால் நொதிகளின் கண்ணில் எளிதாகப் படுவதில்லை. ஒரு நாள் கழிந்த பிறகும் கணிசமான இருபடிகள் மனிதச் செல்லில் மிச்சம் இருக்கும். ஆக, நகலெடுக்கும் நொதி சேதத்தைச் சந்தித்தே தீரும்.

சந்தித்தால் என்ன ஆகும்? நம் செல்களில் டி.என்.ஏ.வின் பெரும்பகுதியை எழுதும் நகலெடுப்பு நொதிகளான பாலிமரேஸ் டெல்ட்டா, பாலிமரேஸ் எப்சிலான் இரண்டும் மிகக் கறாரானவை. அவற்றின் எழுதும் பள்ளம் ஒரே ஒரு எழுத்து ஜோடிக்குத்தான் இடம் கொடுக்கும். வடிவம் சற்றே பிசகினாலும் எழுத்து ஏறாது. அவற்றின் துல்லியத்துக்குக் காரணமே இந்தக் கறார்தான். ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்கள் அந்தப் பள்ளத்துக்குள் நுழையவே நுழையாது. பாலிமரேஸ் நின்றுவிடும்.

இந்த இடத்தில் 1968ஆம் ஆண்டு நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்லியாக வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப், பால் ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் இருவரும், வெட்டி நீக்கும் பழுதுபார்ப்பே இல்லாத ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு அதன்மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். சேதத்தை நீக்க அதனிடம் வழியே இல்லை. ஆகவே இரட்டிப்பு நின்றுபோயிருக்க வேண்டும். ஆனால் புது டி.என்.ஏ. உருவாகிக்கொண்டுதான் இருந்தது. ஒரே வித்தியாசம், புது இழைகள் நீளமாக இல்லாமல் துண்டுகளாக இருந்தன. துண்டின் சராசரி நீளம், இழையில் இரண்டு இருபடிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் அந்தத் துண்டுகள் இணைந்து நீண்ட இழையாகிவிட்டன. சேதத்துக்கு எதிரே ஓர் இடைவெளியை விட்டுவிட்டு நொதி தாண்டிப் போயிருக்கிறது, இடைவெளி பிறகு நிரப்பப்பட்டிருக்கிறது. இருபடிகளோ எங்கும் போகவில்லை, தாய் இழையிலேயே இருந்தன. சேதத்தோடு வாழ்ந்துகொண்டே நகலெடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மனிதர்களில் இதே கதை ஒரு கொடிய நோய் வழியாக வெளியே வந்தது. ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்குக் கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் கருத்து, புள்ளி விழுந்து, சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடும். 1968இல் ஜேம்ஸ் கிளீவர் இந்த நோயாளிகளின் செல்களுக்கு வெட்டி நீக்கும் திறன் இல்லை என்று கண்டுபிடித்தார். மனிதரில் டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்கும் புற்றுநோய்க்கும் இருக்கும் தொடர்பு அன்றைக்குக் கண்கூடானது. ஆனால் நோயாளிகளில் ஒரு பகுதியினர் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. நோய் அதேதான், ஆனால் அவர்களின் செல்கள் இருபடிகளை ஒழுங்காக வெட்டி நீக்கின. இவர்களை "மாற்று வகை" என்று தனியாகப் பிரித்து வைத்தார்கள். 1975இல் ஆலன் லேமனும் உடன் ஆய்வாளர்களும் இவர்களின் குறை பழுதுபார்ப்பில் இல்லை, கதிர் பட்ட பிறகு நகலெடுப்பதில்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். புது இழைகள் நீளமாவதற்கு மிகவும் தாமதமாயிற்று.

எந்த மரபணு என்று தெரிய மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1999இல் ஜப்பானில் ஃபூமியோ ஹனாவோகாவின் குழுவும், அமெரிக்காவில் லூயிஸ் பிரகாஷ், சத்ய பிரகாஷ் குழுவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விடையைச் சொன்னார்கள். இந்த நோயாளிகளுக்கு இல்லாதது பாலிமரேஸ் ஈட்டா என்ற நொதி. அதன் எழுதும் பள்ளம் விசாலமானது. ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்களையும் சேர்த்தே உள்ளே வாங்கிக்கொள்ளும். எதிரே இரண்டு அடினைன்களைச் சரியாக எழுதிவிட்டு, சில எழுத்து தூரம் போனதும் விலகிக்கொள்ளும். அப்புறம் பழைய கறாரான பாலிமரேஸ் வேலையைத் தொடரும்.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இனிமேல் வரும் விஷயம்தான். பாலிமரேஸ் ஈட்டா பொதுவாகப் பார்த்தால் மிக மோசமாக எழுதும் நொதி. நல்ல டி.என்.ஏ.வில் விட்டால் சில பத்து எழுத்துகளுக்கு ஒரு பிழை செய்யும். எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் பகுதியும் அதனிடம் இல்லை. டெல்ட்டாவும் எப்சிலானும் செய்யும் பிழையோ பல லட்சம் எழுத்துகளுக்கு ஒன்றுதான். இவ்வளவு பிழை செய்யும் ஒன்று இல்லாமல் போனால் சடுதிமாற்றங்கள் குறைய வேண்டும் அல்லவா? நோயாளிகளின் செல்களில் அவை கூடுகின்றன. காரணம், தைமின் இருபடி என்ற அந்த ஒரே ஒரு சேதத்தைப் பொறுத்தவரை ஈட்டாதான் சரியாக எழுதத் தெரிந்த ஆள். அது இல்லாதபோது அந்த இடத்துக்கு வேறு தாண்டும் பாலிமரேஸ்கள் வருகின்றன, அவை அங்கே தவறான எழுத்தைப் போட்டுவிட்டுப் போகின்றன. ஆகவே "பிழை செய்யும் நொதி" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எந்தச் சேதத்துக்கு எதிரே என்று கேட்டால்தான் பதில் இருக்கிறது.

ஈட்டாவின் பிழைத்தன்மையை உடல் வேண்டுமென்றே பயன்படுத்தும் இடமும் உண்டு. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் எதிர்ப்பொருள் மரபணுக்களில் மாற்றங்களைப் புகுத்தி, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அங்கே அடினைன், தைமின் இடங்களில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதி ஈட்டாவின் கைவேலை. மாற்று வகை நோயாளிகளின் எதிர்ப்பொருள் மரபணுக்களில் இந்த மாற்றங்களின் வகை மாறியிருப்பதே அதற்கு ஆதாரம்.

சரி, இப்படிப் பிழை செய்யும் நொதிகளைச் செல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது? எப்போதும் திறந்துவிட்டால் மரபணுத்தொகுதியே பாழாகும். பதில் பிசிஎன்ஏ என்ற வளையத்தில் இருக்கிறது. மூன்று ஒரே மாதிரி புரதத் துண்டுகள் சேர்ந்து டி.என்.ஏ.வைச் சுற்றி அமையும் இந்த வளையம்தான் பாலிமரேஸை இழையிலிருந்து நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாலிமரேஸ் நின்றுபோனால் அதன் முன்னே ஒற்றை இழை நீண்டு வெறுமையாகக் கிடக்கும். அதன்மேல் ஆர்பிஏ என்ற புரதம் படியும். அது ரேட்18 என்ற நொதியை அழைக்கும். ரேட்18, தன் துணையான ரேட்6 உடன் சேர்ந்து, பிசிஎன்ஏ வளையத்தின் 164ஆவது அமினோ அமிலமான லைசினில் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒன்றை ஒட்டும். ஈட்டா போன்ற தாண்டும் பாலிமரேஸ்களில் யூபிக்விட்டினைப் பிடிக்கும் பகுதி இருக்கிறது. ஆகவே குறி ஒட்டிய வளையத்துக்கு அவை வந்து சேர்கின்றன. வேலை முடிந்ததும் யுஎஸ்பி1 என்ற நொதி அந்தக் குறியைக் கழற்றிவிடும்.

ஒரு யூபிக்விட்டினுக்குப் பதில் சங்கிலியாகப் பல ஒட்டினால் கதை வேறு. 2002இல் ஜெர்மனியில் ஸ்டீஃபன் யென்ட்ஷின் ஆய்வகம் ஈஸ்ட்டில் இதைக் காட்டியது. சாதாரணமாக யூபிக்விட்டின் சங்கிலி ஒட்டினால் அந்தப் புரதத்தை அழித்துவிடு என்று பொருள். இங்கே சங்கிலி வேறு வகையில் கோக்கப்படுகிறது. அழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிழை செய்யும் பாலிமரேஸைக் கூப்பிடாமல் வேறு வழியில் தாண்டு என்பதே அதன் செய்தி. அந்த வேறு வழி என்ன? இரண்டு தாய் இழைகளில் ஒன்றில்தானே சேதம், இன்னொன்றில் இல்லை. அதிலிருந்து எழுதப்பட்ட புது இழையில் நமக்கு வேண்டிய வரிசை அப்படியே இருக்கிறது. நின்றுபோன இழை, பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்த்து எழுதுவது போல, அந்த இழைக்குத் தற்காலிகமாகத் தாவி, விடுபட்ட பகுதியை அங்கே பார்த்து எழுதிக்கொண்டு திரும்பிவிடும். பிழை இல்லாத வழி இது. ஆனால் இழைகள் பின்னிப் பிணையும், பிறகு அவற்றை அவிழ்க்க வேண்டும், அதற்குத் தனி நொதிகள் வேண்டும். எந்த வழியும் இலவசம் இல்லை.

பாக்டீரியாவில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் வெளிப்படையானது. ஈவ்லின் விட்கினும் மிரோஸ்லாவ் ராட்மனும் வெளிக்கொண்டுவந்த எஸ்ஓஎஸ் பதில்வினையில், ஒற்றை இழை அதிகமானவுடன் ரெக்ஏ என்ற புரதம் அதன்மேல் படிகிறது. லெக்ஸ்ஏ என்ற பூட்டு தானே தன்னை வெட்டிக்கொள்கிறது. பல பத்து மரபணுக்கள் திறக்கின்றன. முதலில் பிழை இல்லாத பழுதுபார்ப்பு, அது போதாதபோதுதான் கடைசியாகப் பிழை செய்யும் பாலிமரேஸ் V. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இந்த எஸ்ஓஎஸ் பதில்வினையைக் கிளப்பிவிடும் என்பது தெரிந்த விஷயம். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது, தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மனிதச் செல்லில் இன்னும் இரண்டு வழிகள் உண்டு. பிரிம்பால் என்ற நொதி சேதத்துக்கு அப்பால் புதிதாக ஒரு தொடக்கத்தை எழுதிக் கொடுக்கும். 1968இல் பாக்டீரியாவில் பார்த்த அதே இடைவெளிதான் இங்கும் விழும். இன்னொன்று, கவையே பின்வாங்குவது. பிரிந்த தாய் இழைகள் மறுபடி ஒன்றுசேர்ந்துகொள்ள, இரண்டு புது இழைகளும் தனியாக ஒட்டி நாலாவது கையாக வெளியே நீளும். இப்போது சேதம் மறுபடியும் ஜோடி இழைக்குள் வந்துவிட்டது. அப்படியே பழுது பார்க்கலாம். கவையைப் பின்வாங்க வைப்பதில் ரேட்51 என்ற புரதத்துக்கும் பங்கு உண்டு. அந்த நாலாவது கை கவனிப்பாரற்றுக் கிடந்தால் எம்ஆர்இ11 என்ற நொதி அதைத் தின்றுகொண்டே போகும். தின்னாமல் காப்பது பிஆர்சிஏ2. மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேள்விப்படும் அதே பிஆர்சிஏ2தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஏடிஆர் என்ற நொதி மேற்பார்வை பார்க்கிறது. ஆர்பிஏ படிந்த ஒற்றை இழை எங்கே அதிகமாகிறதோ அங்கே அது விழித்துக்கொள்ளும். செல் பிரிவதைத் தடுக்கும், எழுத்துகளின் கையிருப்பைக் கூட்டும். முக்கியமாக, இன்னும் இரட்டிப்பு தொடங்காத பகுதிகளில் புதிதாகத் தொடங்கவிடாது. இது ஏன் முக்கியம்? செல்லில் ஆர்பிஏ அளவோடுதான் இருக்கிறது. ஒரே சமயத்தில் ஏகப்பட்ட கவைகள் நின்றால் ஆர்பிஏ தீர்ந்துபோகும். மூடப்படாத ஒற்றை இழைகள் ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும், பிறகு செல்லைக் காப்பாற்ற முடியாது.

உடைவது என்று சொன்னேன் அல்லவா, அதுதான் சகிக்க முடியாத சேதம். தாய் இழையில் ஏற்கெனவே ஒரு சிறு வெட்டு இருந்து, கவை ஓடிவந்து அதில் மோதினால் ஒரு கை முழுசாகக் கழன்று விழும். இதற்கு இன்னொரு முனை கிடையாது. முனைகளை அவசரமாக ஒட்டும் வழக்கமான முறையை இங்கே பயன்படுத்தினால் வேறு ஏதோ குரோமோசோமின் முனையோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம். ஆகவே செல் ரேட்51, பிஆர்சிஏ2 ஆகியவற்றைக் கொண்டு, கழன்ற முனையைச் சகோதர இழைக்குள், அதாவது உடையாத மற்ற நகலுக்குள் நுழைத்து, அங்கிருந்து கவையை மறுபடி தொடங்குகிறது.

இரண்டு தாய் இழைகளையும் சேர்த்துப் பிணைத்துவிடும் குறுக்குப் பிணைப்பு இன்னொரு கடினமான வகை. இழைகளே பிரியாதபோது எதைத் தாண்டுவது? ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோயில் பழுதாகும் மரபணுக்கள் இருபதுக்கும் மேல். அவை சேர்ந்து இந்தப் பிணைப்பை அவிழ்க்கின்றன. அந்த வேலைக்குள்ளேயே வெட்டுதல், தாண்டும் பாலிமரேஸ், உடைவைச் சகோதர இழையால் சரிசெய்தல் மூன்றும் அடங்கும். இந்தப் பிணைப்புகளை உண்டாக்கும் ஆல்டிஹைடுகள் நம் உடலிலேயே தினமும் உருவாகின்றன. மது குடித்தால் உருவாகும் அசிட்டால்டிஹைடும் அதில் சேரும்.

இனி இரண்டாவது பகுதி. மருந்து கொடுக்கும் சேதத்தைப் புற்றுச் செல் சரிசெய்யாதா? செய்யும், முடிந்தவரை செய்யும். மருத்துவத்தின் நம்பிக்கை, அந்தச் செல்லின் பழுதுபார்ப்பில் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருக்கும் என்பதுதான். அந்த ஓட்டை சடுதிமாற்றங்களுக்கு வழி திறந்து அது புற்றாக மாறவும் உதவியிருக்கலாம்.

கேம்ப்டோதெசின் நல்ல உதாரணம். டி.என்.ஏ.வின் முறுக்கை அவிழ்க்கும் டோப்போஐசோமரேஸ்1 என்ற நொதி இழையில் ஒரு வெட்டுப் போட்டு உடனே மூடுவது வழக்கம். இந்த மருந்து மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த வெட்டு மட்டும் பெரிய ஆபத்து இல்லை. கவை வந்து மோதும்போதுதான் உடைகிறது. ஆகவே இரட்டித்துக்கொண்டிருக்கும் செல்களையே இது அதிகம் கொல்லும். மன்றோ வால், மன்சுக் வாணி இருவரும் 1966இல் ஒரு சீன மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்ற சிறு மரத்திலும் இது நிறைய இருக்கிறது. அதற்காகவே வெட்டப்பட்டு அந்த மரம் அருகிவருவது வருத்தமான விஷயம்.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து அடுத்தடுத்த குவனைன்களை ஒட்டிவிடும். பாலிமரேஸ் ஈட்டா அதையும் தாண்டத் தெரிந்தது. தோல் செல்லைப் புற்றிலிருந்து காக்கும் அதே நொதி, இங்கே புற்றுச் செல்லை மருந்திலிருந்து காக்கிறது. தாண்டும் பாலிமரேஸ்களை அழைத்துச் சேர்க்கும் ரெவ்1 என்ற புரதத்தைத் தடுக்கும் ஒரு சேர்மத்தை 2019இல் வெளியிட்டார்கள். சிஸ்பிளாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் மனித மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்று) கட்டிகளின் வளர்ச்சி குறைந்தது. இது இன்னும் எலி அளவிலான முடிவு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மனிதர்களிடம் வெற்றி கண்டவை பார்ப் தடுப்பான்கள், அதாவது டி.என்.ஏ.வின் சிறு வெட்டுகளைப் பழுதுபார்க்க உதவும் பார்ப் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள். 2005இல் இரண்டு குழுக்கள், பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 இல்லாத செல்கள் பார்ப் நொதியைத் தடுத்தால் மிக எளிதாக இறப்பதைக் காட்டின. 2014இல் ஒலாபரிப் என்ற பார்ப் தடுப்பான் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. எப்படிக் கொல்கிறது என்பதில் விளக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சிறு வெட்டுகள் கவையில் மோதி உடைவாகின்றன என்றார்கள். பிறகு, பார்ப் நொதியே டி.என்.ஏ.வில் சிக்கிக்கொண்டு தடையாகிறது என்றார்கள். இப்போது, இரட்டிப்பின்போது விடப்பட்டு நிரப்பப்படாத இடைவெளிகளே முக்கியம் என்று ஒரு சாரார் வலுவாக வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே நடப்பதாகத் தோன்றுகிறது. இரண்டு புது இழைகளில் ஒன்று இயல்பாகவே துண்டு துண்டாகத்தான் எழுதப்படுகிறது; அதில் இணைக்கப்படாமல் விட்டுப்போகும் முனைகளில் பார்ப் இயல்பாகவே வேலை செய்கிறது என்பது தனியாக நிறுவப்பட்டிருக்கிறது.

இந்த மருந்துக்கும் புற்று தப்பிக்கும் வழி இருக்கிறது. 2008லேயே அது தெரிந்துவிட்டது. பழுதான பிஆர்சிஏ2 மரபணுவில் இன்னொரு சடுதிமாற்றம் விழுந்து, வாசிப்புச் சட்டகம் (எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கும் வரிசை) மறுபடி சரியாகி, புரதம் வேலை செய்யத் தொடங்கிவிடும். பிஆர்சிஏ2 இல்லாதபோது உடைவுகளை ஒட்ட எஞ்சியிருக்கும் பிழை மிகுந்த வழிகளே அந்த இரண்டாவது மாற்றத்தைக் கொண்டுவரவும் கூடும். நோயாளியின் இரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வில் இந்த மீட்சி மாற்றங்களை இப்போது தேட முடிகிறது. கவைகளின் மேற்பார்வையாளரான ஏடிஆரைத் தடுக்கும் மருந்துகளைப் பார்ப் தடுப்பான்களோடு சேர்த்துக் கொடுக்கும் சோதனைகள் மனிதர்களிடம் நடந்துவருகின்றன.